கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? படம் கெடும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். கல்லூரி வேலைக்காக ஒரு வீட்டை வரைந்து, அதை நிஜப்படம்போல ஆக்கும் ரெண்டர் போட்டால் கால் மணி நேரத்தில் திரை கறுத்துவிடும். கணினி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்கு எடுத்துப் போனார்கள். "கார்டு போச்சு, புதுசு மாத்தணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சமர்ப்பிக்க இரண்டு வாரம்கூட இல்லை என்று அழாத குறையாக என்னிடம் வந்தாள்.

கேபினெட்டைத் திறந்ததுமே கண்ணில் பட்டது, கார்டுக்கு மின்சாரம் போகும் இடத்தில் பழுப்பேறியிருந்த ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளே இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் இணைப்பிலிருந்து ஓர் அடாப்டர் போட்டு இழுத்திருந்தார்கள். கார்டு, 120 வாட் கேட்கும் ஜிடிஎக்ஸ் 1060. சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட்தான். ரெண்டர் சூடு பிடித்ததும் இணைப்பு தாங்கவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி நேரான கேபிளைப் போட்டோம். அதே கார்டு இன்றும் ஓடுகிறது.

கிராபிக்ஸ் கார்டு கெட்டால் என்னென்ன தெரியுமோ, அதெல்லாம் வேறு எது கெட்டாலும் தெரியும். அதனால்தான் நல்ல கார்டுகள் பல வீணாகக் குப்பைக்குப் போகின்றன. இதற்குமுன் கேபினெட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படம் எந்த இடத்தில் கெடுகிறது?

படம் வரும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டோ வரையும் மென்பொருளோ, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் வேலை சொல்கிறது. டிரைவர் அதைக் கார்டிலுள்ள சிப்புக்குத் தருகிறது. சிப், கார்டிலேயே இருக்கும் நினைவகத்தில் படத்தை வரைகிறது. அந்தப் படம் கார்டின் போர்ட் வழியாகக் கேபிளுக்கும், கேபிள் வழியாக மானிட்டருக்கும் போகிறது. பணம் செலவாகாத முனை மானிட்டர் பக்கம். அங்கிருந்து பின்னோக்கி வருவோம்.

தொடங்கும் முன் ஒரு நோட்டு

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன தெரிகிறது, எப்போது வருகிறது, அதற்குச் சற்று முன்னால் கணினியில் என்ன மாறியது. புது டிரைவரா, புது மானிட்டரா, வீடு மாறி வண்டியில் ஏற்றி இறக்கியதா, கோடை வந்ததா? திரையில் கோளாறு தெரியும்போது கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில் காட்ட உதவும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேபிள், டிரைவர், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முக்கியமான கோப்புகளை முதலிலேயே வேறு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். கார்டு கெட்டதால் கோப்பு அழியாது. ஆனால் சோதனையின் நடுவே கணினி திடீர் திடீரென்று அணைந்தால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம்.

திரையே வரவில்லை என்றால்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மதர்போர்டின் போர்ட்கள் மேலே செங்குத்தாக ஒரே கூட்டமாக இருக்கும். கார்டின் போர்ட்கள் அதற்குக் கீழே, பெரும்பாலும் படுக்கைவசத்தில் இருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று வருந்துபவர்கள் ஏராளம். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் படம் வரவில்லையா? மானிட்டரின் மெனுவில் போய், எந்த உள்ளீட்டை அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். எச்டிஎம்ஐயில் கேபிள் இருக்க, மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கார்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அப்புறம் கேபிளை மாற்றுங்கள்.

பல மதர்போர்டுகளில் சிபியு, ரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. கணினி எழும்போது எந்த விளக்கில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். ரேம் விளக்கில் நின்றால் கார்டைத் தொடவே வேண்டாம், ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் போடுங்கள். விஜிஏ விளக்கில் நின்றால் கார்டு, அதன் ஸ்லாட், அதற்கான மின்சாரம் இம்மூன்றில் ஒன்று.

உங்கள் சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டு போர்ட்டில் படம் வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் இன்டெலில் பெயர் எஃப் என்று முடியும் சிபியுக்களிலும், ரைசன் 5000 வரிசை வரை பெயரில் ஜி எழுத்து இல்லாத பெரும்பாலான டெஸ்க்டாப் சிபியுக்களிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் கார்டு இல்லாமல் திரை வராது. அதைப் பார்த்து மதர்போர்டும் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

படம் வருகிறது, ஆனால் கெட்டு வருகிறது

புள்ளிகள், கோடுகள், கட்டம் கட்டமாகத் தவறான நிறங்கள். இவற்றை ஆர்டிஃபேக்ட் என்பார்கள். இங்கே மூன்று எளிய சோதனைகள் இருக்கின்றன. செலவே இல்லை, ஆனால் பாதிக் கேள்விக்கு இவையே விடை தந்துவிடும். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, மானிட்டரின் சொந்த மெனு. மானிட்டரிலுள்ள பொத்தானை அழுத்தினால் வெளிச்சம், நிறம் மாற்றும் மெனு வரும். அந்த மெனுவைக் கணினி வரைவதில்லை, மானிட்டரே வரைகிறது. கோடுகள் அந்த மெனுவின் மேலும் ஓடினால் கோளாறு மானிட்டரில். மெனு சுத்தமாக இருந்து, அதன் பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிளுக்கோ கணினிக்கோ போகலாம்.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். கோளாறு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கார்டின் நினைவகத்தில் வரையப்பட்ட படத்தின் நகல். போர்ட், கேபிள், மானிட்டர் மூன்றையும் அது தொடுவதில்லை. கோளாறு அதிலும் பதிந்திருந்தால் படம் வரையும்போதே கெட்டிருக்கிறது: சிப், நினைவகம், அல்லது டிரைவர். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து கண்ணுக்கு மட்டும் கெட்டுத் தெரிந்தால் வெளியே போகும் வழியில் சிக்கல். அப்போது பெரும்பாலும் கேபிள்தான். திரையில் வெள்ளைப் பொட்டுகள் மினுமினுப்பதும், ஒரு நொடி கறுத்து மீண்டும் வருவதும் கேபிளின் வழக்கமான அடையாளங்கள். மானிட்டரின் வேகத்தை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60க்குக் குறைத்ததும் அவை மறைந்தால் கேபிளை மாற்றினால் போதும்.

மூன்றாவது, பயாஸ் திரை. கணினியை அணைத்து, போடும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் பயாஸின் அமைப்புத் திரை வரும். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் அதே புள்ளிகள் தெரிந்தால் டிரைவரை மாற்றிப் பயனில்லை. மானிட்டரும் கேபிளும் நல்லவை என்று முன்பே உறுதியாகியிருந்தால் கார்டின் வன்பொருளில்தான் கோளாறு, அதிலும் பெரும்பாலும் நினைவகம். பழைய விண்வெளி விளையாட்டில் வரிசையாக இறங்கும் பூச்சிகள்போல ஒரே இடைவெளியில் நிறப் புள்ளிகள் திரை முழுக்க நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் பயாஸ் திரை சுத்தமாக இருப்பதாலேயே கார்டு நல்லது என்று ஆகிவிடாது. அந்தத் திரைக்கு நினைவகத்தின் ஒரு சிறு மூலைதான் தேவை.

விளையாட்டில் மட்டும், அதுவும் சிறிது நேரம் ஓடிய பிறகு, முக்கோணங்கள் இழுபட்டு நீண்டு தெரிந்தால் சூட்டையோ, கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கையோ சந்தேகிக்கலாம். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் என்றால் அந்த விளையாட்டின் பிழையாகவே இருக்கலாம். அதை விட்டுவிட்டு வேறொன்றை ஓட்டிப் பாருங்கள்.

திரை உறைகிறது, டிரைவர் என்று ஏதோ செய்தி வருகிறது

கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வரவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். திரை கறுத்து மீண்டும் வருவது அதனால்தான். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். மீட்க முடியாமல் போனால் நீலத் திரை. அதில் என்விடியா கார்டாக இருந்தால் என்விஎல்டிடிஎம்கேஎம் என்ற டிரைவர் கோப்பின் பெயர் வரும். பெயரைப் பார்த்ததும் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். பதிலுக்குக் காத்திருந்தவர் பெயர் அது. பதில் சொல்லாதவர் யார் என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

திரை உறைந்த நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை பல நேரங்களில் தப்பிவிடும்.

அடுத்து டிரைவரைச் சுத்தமாக மாற்றுவோம். சிக்கல் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு வந்திருந்தால் புதியதை விட்டுவிட்டு முந்தைய பதிப்புக்குப் போங்கள். கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து தேவையான பதிப்பை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிடியு என்று எல்லோரும் அழைக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் இலவசக் கருவி. இணைய கேபிளைக் கழற்றிவிட்டு, விண்டோஸை, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழுப்பி, அதைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, கணினியை மறுபடி எழுப்பி, இறக்கி வைத்த பதிப்பைப் போடுங்கள். இணையத்தைத் துண்டிப்பது ஏனென்றால், நாம் போடும் முன்பே விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். சில கணினிகளில் சேஃப் மோடுக்குப் போகும்போது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். விண்டோஸிலும் உபுண்டுவிலும் ஒரே கோளாறு வந்தால் மென்பொருள் மேல் பழி போட முடியாது. லினக்ஸிலேயே வேலை செய்பவராக இருந்தால் கர்னல் பதிவில் எக்ஸ்ஐடி என்ற சொல்லைத் தேடுங்கள். என்விடியா கார்டுகளின் பிழை எண்கள் அங்கே வரும். 79 என்றால் கார்டு கணினியின் தொடர்பிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். மின்சாரம், ஸ்லாட், சூடு, இவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரம்

திரை மட்டும் கறுக்கிறதா, கணினியே அணைந்து எழுகிறதா என்பதைக் கவனியுங்கள். விளையாட்டின் உச்சத்தில் கணினியே பட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ். திரை கறுத்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் அலறி, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. கார்டு மட்டும் விழுந்துவிட்டது. கார்டின் மின் இணைப்பையோ கார்டையோ பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் (ஊசி) இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்கள் போடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலைகள் தொங்கும். அவற்றை இரண்டிலும் செருகி முடித்துக்கொள்வது சுலபம், ஆனால் பெரிய கார்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது அது தடுமாறும். சாட்டா அடாப்டரின் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உயிரே போனாலும் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் போடாதீர்கள். செருகும் தலை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். ஒரு முறை சுவிட்சைப் போட்டால் போதும், கார்டோடு சேர்த்து வேறு பலவும் எரியும். சிபியுவுக்குப் போகும் 8 பின் தலையும் கார்டுக்கான 8 பின் தலையும் ஒரே மாதிரி தெரியும். அவற்றிலும் 12 வோல்ட் கம்பியும் தரை (கிரவுண்ட்) கம்பியும் இடம் மாறி இருக்கும். கார்டுக்கானதில் பிசிஐஇ என்று அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்துச் செருகுங்கள்.

2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதன் புதிய 16 பின் இணைப்பு சிலருக்கு உருகியது. இணைப்பு முழுக்க உள்ளே போகாமல் நின்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2023இல் இணைப்பின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றினார்கள். அப்படிப்பட்ட கார்டு வைத்திருந்தால், தலை கடைசிவரை போய் இடைவெளி தெரியாமல் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்கு மிக அருகில் கேபிளை மடக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

கழற்றி மாட்டுவோம்

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். மின் கேபிள்களைக் கழற்றி, பின்பக்கத்து திருகுகளை எடுத்து, ஸ்லாட்டின் முனையிலுள்ள சிறு பிடியை அழுத்தியபடி கார்டை நேராக மேலே தூக்குங்கள். அவசரப்பட்டு அந்தப் பிடியை உடைப்பவர்கள்தான் அதிகம். வராவிட்டால் இழுக்காதீர்கள், எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கார்டின் அடியில் உள்ள தங்க நிறப் பற்களை, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணியால் மெல்லத் துடையுங்கள். கடைகளில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேறு வழியில்லை என்றால் மிருதுவான வெள்ளை ரப்பரால் ஓரிரு முறை தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும். துகள் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்தப் பற்களில் கறை பிடிப்பது உண்டு, அங்கே இந்த ஒரு வேலையே சில கார்டுகளை எழுப்பிவிடும்.

கார்டைத் திரும்பச் செருகும்போது பிடி கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்க வேண்டும். கனமான கார்டு ஒரு பக்கம் தொங்கினால் அடியில் ஒரு தாங்கி வையுங்கள். தொங்கித் தொங்கியே பலகையில் நுண்ணிய விரிசல் விழுந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

சூடு

ஜிபியு இசட் அல்லது எச்டபிள்யு இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் வெப்பநிலை தெரியும். விளையாடும்போது சிப் 65 முதல் 80 டிகிரிக்குள் இருப்பது சாதாரணம். 85க்கு மேல் நிலையாக நின்றால் கவனிக்க வேண்டும். காற்றால் குளிரும் கார்டு அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒருநாளும் போகாது. அறை 10 டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கார்டு அக்னி நட்சத்திரத்தில் தடுமாறுவது இதனால்தான்.

ஹாட்ஸ்பாட் என்று இன்னோர் எண் தெரியும். அது சிப்பின் மிகச் சூடான புள்ளி. சராசரி வெப்பத்தைவிட அது 10, 20 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். இடைவெளி 30ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகமான ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வைத்திருப்பவர்கள் நினைவக வெப்பத்தையும் பார்க்க வேண்டும். அவற்றின் நினைவகம் 110 டிகிரியை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாமல் நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். புதிய கார்டுகளில் அது வழக்கம், சூடு ஏறியதும் சுற்றும். சூடு ஏறியும் சுற்றவில்லை, அல்லது கரகரவென்று சத்தம் என்றால் ஃபேன் மாற்ற வேண்டும். ஃபேன் மட்டும் தனியாகக் கிடைக்கும். விளையாட்டில் மெல்லிய கீச்சொலி வந்தால் அது காயில் எழுப்பும் ஓசை. எரிச்சலாக இருக்கும், கார்டுக்கு ஒன்றும் ஆகாது.

புளோயரால் தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். பேஸ்ட் மாற்றுவது புதியவருக்கும் முடியும், ஆனால் நினைவகத்தின் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டைகளான தெர்மல் பேடுகளின் தடிமன் ஒவ்வொரு கார்டுக்கும் வேறு. தவறான தடிமன் போட்டால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்து முன்பைவிட மோசமாகும். வாரன்டி இருந்தால் கார்டைத் திறக்கவே வேண்டாம்.

கார்டை வேலை வாங்கிப் பார்த்தல்

இனிச் சோதனை மென்பொருள். ஓசிசிடி என்ற மென்பொருளில் கார்டின் நினைவகத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. நினைவகத்தில் எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் சரியில்லை என்றுதான் பொருள். ஃபர்மார்க் கார்டைக் கடுமையாகச் சூடேற்றும். சந்தேகத்துக்குரிய கார்டில் 5 நிமிடம், வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும். ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கோளாறு எப்போது தொடங்கியது என்று கடிகாரம் பாருங்கள். தொடங்கிய நொடியிலேயே என்றால் மின்சாரமோ நினைவகமோ. 10 நிமிடம் கழித்து என்றால் சூடு.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் பவர் அளவை 80 சதவீதமாகக் குறைத்தும், பிறகு சிப்பின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தும், அதன்பின் நினைவக வேகத்தைக் குறைத்தும் தனித்தனியே பாருங்கள். எதைக் குறைத்தபோது கோளாறு நின்றதோ அந்தப் பக்கம்தான் பலவீனம். வாரன்டி முடிந்த கார்டாக இருந்தால் அந்தக் குறைந்த வேகத்திலேயே ஓட்டலாம். வயதான கார்டுகள் அப்படியே இன்னும் சில மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட உழைக்கும்.

கார்டு மேல் வீண்பழி

ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். கணினி ரேமின் பிழை, கிராபிக்ஸ் பிழைபோலவே வேடம் போடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் உயர்ரகமானவை சில நிலைகுலைந்தபோது, விளையாட்டுகளில் வந்த செய்தி "வீடியோ நினைவகம் போதவில்லை" என்பது. கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தும் இந்தச் செய்தி வந்தது. கார்டை மாற்றியும் தீராமல் பலர் தவித்தார்கள். சிபியுவுக்கு மிகுதியான மின்னழுத்தம் போனதுதான் காரணம் என்று தெரிந்து, 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது. வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. உங்களிடம் அந்தச் சிபியு இருந்தால் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் கார்டைச் சந்தேகியுங்கள்.

இறுதித் தீர்ப்புக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் கார்டை நண்பரின் கணினியிலும், அவருடையதை உங்களுடையதிலும் போடுங்கள். கோளாறு கார்டோடு போகிறதா, கணினியோடு தங்குகிறதா? கருகிய வாசனை வந்த கார்டை மட்டும் இன்னொருவர் கணினியில் போடாதீர்கள்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் சிப் பலகையோடு ஒட்டியிருப்பதால் கழற்ற முடியாது. வெளியே ஒரு மானிட்டரை இணைத்துப் பாருங்கள். அதில் படம் நன்றாக இருந்தால் மடிக்கணினியின் திரையோ, மூடித் திறக்கும் மடிப்பில் நசுங்கும் கேபிளோதான் காரணம்.

செகண்ட் ஹேண்ட் கார்டுகள்

எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15இல் தன் முறையை மாற்றியதும், அதை ஈட்டும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 அவற்றில் ஏராளம். மைனிங்குக்காக, கார்டுக்குள்ளேயே இருக்கும் அதன் சொந்த பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். டெஸ்க்டாப்பில் நன்றாக இருக்கும், விளையாட்டில் புள்ளிகள் வரும், அல்லது டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழையோடு நிற்கும். சில கார்டுகளின் விளிம்பில் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸில் எழும். மாற்றி எழுதியவர்கள் அந்த இரண்டாவதைத் தொடாமல் விட்டிருந்தால் கார்டு பிழைத்துக்கொள்ளும். பயாஸை நீங்களே திரும்ப எழுதப் போவதானால், ஜிபியு இசட்டில் இப்போது உள்ளதை முதலில் சேமித்துவிட்டு, துல்லியமாக அதே மாடலுக்கானதைத் தேடுங்கள். மின்வெட்டு வரும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

அடுப்பில் வைக்காதீர்கள்

கார்டை ஓவனில் சுட்டு உயிர்ப்பிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த வழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றின் உள் இணைப்புப் பொருள் பலவீனமாக இருந்ததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்தது. சூடாவதும் ஆறுவதுமாகச் சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய உருண்டைகள் விரிசல் விட்டுப் பிரிந்தன. மறுபடி சூடாக்கினால் அவை தற்காலிகமாக ஒட்டும். சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் பிரியும். பிளாஸ்டிக்கும் கெபாசிட்டர்களும் வெளிவிடும் புகை நாளைக்குக் கேக் சுடும் ஓவனில் படியும். கெட்ட நினைவக சிப்பைச் சுட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைக் கழற்றிப் புதியது வைக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

கார்டுதான் என்று உறுதியானதும் முதலில் பில்லைத் தேடுங்கள். வாரன்டி நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீரியல் எண் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். கார்டின் இருபுறமும், சீரியல் எண்ணையும், மின் இணைப்பின் உட்புறத்தையும் படம் எடுத்துக்கொண்டு, வந்தபோது இருந்த ஆன்டி ஸ்டாட்டிக் கவரிலேயே வைத்துக் கொடுங்கள்.

வாரன்டி முடிந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் "ரீபாலிங் பண்ணுங்க" (சிப்பைக் கழற்றி அடியிலுள்ள உருண்டைகளை மாற்றுவது) என்று நீங்களே சொல்ல வேண்டாம். "எந்த நினைவக சிப் என்று சோதித்துச் சொல்வீர்களா, சரியாகாவிட்டால் எவ்வளவு, கழற்றிய சிப்பைத் தருவீர்களா" என்று கேளுங்கள். வெப்பக் காற்றை ஊதிவிட்டு ஒரு வார உத்தரவாதம் தருபவரைத் தவிருங்கள். முதலில் எழுதி வைத்த அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பதிந்தது, பயாஸிலும் தெரிந்தது, வேறு கணினியிலும் அதே கோளாறு என்று மூன்று வரி அதில் இருந்தால், பழுது பார்ப்பவர் நேரே நினைவக சிப்களிலிருந்தே தொடங்கலாம்.